செல்வி அக்காவுக்கு ஒரு ஹெட்லைட்

எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று விமான நிலையத்து அதிகாரி கேட்டார். அக்கா வீட்டுக்காரர் இறந்துவிட்டார் என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். அக்கா எந்த நாட்டுக் குடிமகள் என்று கேட்டார். இந்தியா என்றேன். உங்களுடையது இலங்கைக் கடவுச்சீட்டு ஆயிற்றே என்றார். எனக்குப் பின்னால் நின்ற வரிசைக்கு அந்தக் கதையைக் கேட்கும் பொறுமை இருக்காது. "பெரியப்பா மகள்" என்று மட்டும் சொன்னேன். முத்திரை விழுந்தது.

கதை பெரிதல்ல. ஹட்டனில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் அண்ணனும் தம்பியும் பக்கத்துப் பக்கத்து அறைகளில் இருந்தார்கள். இரண்டு அரசுகள் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் அண்ணனுக்கு இந்தியா என்று வந்தது, தம்பிக்கு இலங்கை என்று வந்தது. அண்ணன் கப்பலேறி, கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பால்வெட்டு வேலைக்குச் சேர்ந்தார். அவருக்கு இங்கே பிறந்தவள் செல்வி அக்கா. தம்பியின் மகள் நான், சுமதி. ஹட்டன் நகரத்தில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறேன். அக்காவை எனக்குத் தொலைபேசித் திரையில் நன்றாகத் தெரியும். நேரில் பார்த்ததில்லை.

தக்கலையில் பேருந்து மாறினேன். குலசேகரம் தாண்டியதும் மழை பிடித்தது. ஒரு வளைவில் மரம் சரிந்து கிடக்க, எல்லோரும் இறங்கச் சொன்னார்கள். ஆண்கள் கயிறு கட்டி இழுத்தார்கள். நாங்கள் ஒரு பூட்டிய கடையின் கூரைக்குக் கீழே ஒண்டினோம். பக்கத்தில் நின்ற இரண்டு பெண்கள் மலையாளத்தில் பேசிக்கொண்டார்கள். எனக்குப் புரிந்த வரையில் ஒருத்தி, "இந்த மழையில் மகன் கல்யாணத்தை வைத்துவிட்டாளே, பந்தல் நிற்குமா?" என்றாள். மற்றவள், "பந்தல் நிற்கும், மருமகள் நிற்பாளா பார்ப்போம்" என்றாள். நான் சிரித்துவிட்டேன். துக்கத்துக்கு வந்தவள் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

நடத்துநர் என் பேச்சைக் கேட்டுவிட்டு, "பாலக்காடா?" என்றார். இல்லை என்றேன். "பின்ன மதுரைப் பக்கமா?" சிலோன் என்றேன். டிக்கெட்டைக் கிழித்துத் தந்தார். பிறகு, "தோட்டத்துக்குத்தானே? எறங்குற எடம் வந்தா சொல்லுகேன்" என்றார். என்னைப் போல இன்னும் சிலரை அவர் அங்கே இறக்கிவிட்டிருக்கிறார் போலிருக்கிறது.

அக்கா சாலைக்கே வந்து நின்றாள். திரையில் பார்த்ததைவிடக் குள்ளம். கட்டிக்கொள்வதா, கையைப் பிடிப்பதா என்று இருவருக்குமே தெரியவில்லை. என் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

வரிசை வீடுகள். எங்கள் லயத்தைப் பெயர்த்துக்கொண்டு வந்து வைத்தது போல இருந்தது. அதே தகரம், அதே நீளம், ஓரத்தில் அதே பொதுக் குழாய். மரங்கள் மட்டும் வேறு. எங்கள் ஊரில் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தேயிலை இடுப்பளவு நிற்கும். யார் எங்கே நிற்கிறார்கள் என்று மலையின் மறுபக்கத்திலிருந்தே தெரியும். இங்கே ரப்பர் மரங்கள் வீட்டுப் பின்சுவர் வரை வந்து நின்றன. பட்டப்பகலிலேயே உள்ளே இருட்டு.

மரச்சீனிக் கிழங்கு வேக வைத்து, தேங்காய் அரைத்த மீன் குழம்பு வைத்திருந்தாள். மரவள்ளி என்று நாங்கள் சொல்வதுதான். ஆனால் நாங்கள் சம்பலோடு சாப்பிடுவோம். மீன் எங்கள் மலைக்கு வந்து சேரும்போது அதற்கு வயதாகியிருக்கும். நான் சாப்பிடுவதை அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தட்டில் ஒரு துண்டுக் கிழங்கு மட்டும் இருந்தது.

"திங்கக்கெழம வேலைக்கு எறங்கணும் ஏட்டி" என்றாள். "இல்லேன்னா அவருக்க மர வரிசைய வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க. வேலை அவருக்க பேருல, நான் கூட நின்னு வெட்டுவேன். அது இல்லேன்னா இந்த வீடும் இல்ல. அதுக்கு முன்ன எனக்கு ஒரு ஹெட்லைட்டு வாங்கணும். கூட வருவியா?"

வருகிறேன் என்றேன். ஆனால் அவள் தலைக்கு நேர் மேலே சுவரில் ஆணியடித்து ஒரு ஹெட்லைட் தொங்கிக்கொண்டிருந்தது. தலையில் கட்டும் கறுப்புப் பட்டை, நெற்றியில் விளக்கு. புதிது போலத்தான் இருந்தது. அது கெட்டுவிட்டதா என்று கேட்டேன். "நல்லா எரியும்" என்று சொல்லிவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, அக்காவின் கணவர் தங்கராசு அத்தானின் வீட்டாரைப் பார்க்க அஞ்சுகிராமத்துக்குப் போனோம். நான் வந்துவிட்டு அவர்களைப் பார்க்காமல் போனால் மரியாதையில்லை என்றாள் அக்கா. நாகர்கோவில் தாண்டிக் கிழக்கே போகப் போக மழையே காணவில்லை. ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு வானம். காற்றாலைகள் சுற்றின. வெயிலைப் பார்த்ததும் எனக்கு மனசு லேசானது; அக்கா சேலைத் தலைப்பை நெற்றிவரை இழுத்துக்கொண்டாள்.

அத்தானின் தங்கை புஷ்பம் எங்களை உட்கார வைத்தாள். உருவத்தைக் கும்பிடாத அய்யாவழிக் குடும்பம். பூஜை அறையில் சாமி படம் இல்லை. ஒரு பெரிய நிலைக்கண்ணாடி, முன்னால் எரியும் விளக்கு. கும்பிடும்போது என் முகமும், பின்னால் நின்ற அக்காவின் முகமும் கண்ணாடியில் தெரிந்தன. இருவருக்கும் ஒரே மூக்கு. நான் அதைக் கவனித்ததை அவளும் கவனித்தாள்.

புஷ்பம் மட்டி வாழைப்பழமும் சாயாவும் கொடுத்தாள். நல்ல பெண். ஆனால் பேச்சு எங்கெங்கோ சுற்றி வேலைக்கு வந்தது, வேலையிலிருந்து லைட்டுக்கு வந்தது.

"அண்ணன் லைட்டு நல்லாத்தானே இருக்கு மைனி? பின்ன எதுக்குப் புதுசு?"

அக்கா பழத்தை உரிக்கத் தொடங்கினாள்.

"அண்ணன் தலையில கெட்டுனது. அத நீங்க கெட்டுனா அண்ணன் கூட இருக்கது மாதிரி இல்லியா?"

"வண்டிக்கு நேரமாச்சு" என்று அக்கா எழுந்துவிட்டாள். பழத்தை உரித்துக் கையில் வைத்திருந்தவள் அதை அப்படியே என்னிடம் தந்தாள்.

திரும்பி வரும் பேருந்து வட்டக்கோட்டைக்குத் திரும்பும் சாலை அருகில் பஞ்சரானது. மாற்றுச் சக்கரத்திலும் காற்றில்லை. அடுத்த வண்டி வர நேரமாகும் என்றார்கள். ஓட்டுநரும் நடத்துநரும் ஒருவரையொருவர் குற்றம் சொல்லிக்கொண்டிருக்க, ஓர் ஆட்டோக்காரர், "அதுவரைக்கும் கோட்டையப் பாத்துட்டு வாருங்க, கொண்டு விடுகேன்" என்றார். அக்கா அந்த மாவட்டத்திலேயே பிறந்தவள், ஒருநாள்கூடக் கோட்டைக்குப் போனதில்லையாம். போனோம்.

கருங்கல் சுவர், அதற்கு வெளியே உடனே கடல். காற்று ஆளைத் தள்ளியது. சுற்றுலா வந்தவர்கள் முடி பறக்கப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் சுவரோரமாக உட்கார்ந்தோம்.

"உங்க ஊரு எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். கிழக்கே கை காட்டினேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, நான் எதுவும் கேட்காமலே சொல்லத் தொடங்கினாள்.

"அவரு போறதுக்கு முந்துன நாளு எனக்க லைட்டு கெட்டுப் போச்சு. அவருக்கது ஒண்ணுதான் இருந்து. 'நீ கெட்டிக்கோ, எனக்கு போன்ல டார்ச் இருக்கு'ன்னாரு. நான் வேண்டான்னேன். கேக்கல. அவரே எனக்குத் தலையில கெட்டி விட்டாரு."

காற்றில் பறந்த சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"டார்ச்சப் போட்டு போனச் சட்டப் பையில வச்சுக்கிட்டு வந்தாரு. ஒரு கையில வாளி, ஒரு கையில மழைக்கு மரத்துல பிளாஸ்டிக் ஒட்டுற பசை டப்பா. கையி ரெண்டும் போச்சா. சட்டப் பையில வச்ச வெட்டம் நேர முன்னாலதான் அடிக்கும் ஏட்டி. காலு தெரியாது. தோட்டத்துக்குப் போற வழியில ஒரு ஓடை உண்டு. மேல பலகை போட்டிருக்கும். நான் முன்னால தாண்டிட்டேன். பின்னால வாளி உருளுற சத்தம் கேட்டுது."

வெட்டம் என்றால் வெளிச்சம். அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்துதான் கற்றுக்கொண்டேன்.

"வாளிய விட்டுட்டாரு, எடுத்துட்டு வருவாருன்னு நெனச்சேன். திரும்பிப் பாக்கல. ஒரு தடவ திரும்பியிருந்தா, எனக்க தலையில கெடந்த வெட்டம் அவருக்க மேல விழுந்திருக்கும். ரெண்டு மரம் வெட்டி முடிச்சேன். பெறகுதான் என்ன இன்னும் காணலியேன்னு போனேன். பலகைக்குக் கீழ கெடந்தாரு, தல கல்லுல அடிச்சு."

அப்போது ஒரு குடும்பம் எங்களிடம் வந்து, தங்களைச் சேர்த்து ஒரு படம் எடுத்துத் தர முடியுமா என்று இந்தியில் கேட்டது. அக்கா எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர்களுடைய போனை வாங்கி, கவனமாக மூன்று படம் எடுத்துக் கொடுத்தாள். கடைசிப் படத்தில் பிள்ளை கண்ணை மூடிவிட்டது என்று இன்னொன்றும் எடுத்தாள்.

சனிக்கிழமை தக்கலை. மழை விடவில்லை. தாலுகா அலுவலகத்துக்கு வந்தவர்களும், கல்யாணச் சாமான் வாங்க வந்தவர்களும், குடைகளுமாகக் கடைத்தெரு அடைத்துக்கொண்டு கிடந்தது. முதலில் சாயாக் கடையில் ரசவடை சாப்பிட்டோம். ரசத்தில் ஊறிய வடையை எங்கள் ஊரில் யாராவது தந்தால் மழையில் நனைந்துவிட்டது என்று திருப்பிக் கொடுத்திருப்பேன். இரண்டாவதும் வாங்கிச் சாப்பிட்டேன். அக்கா முதன்முதலாக என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள்.

மின்சாமான் கடைக்காரர் சவுதியில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். ஹெட்லைட் என்றதும், "யாருக்கு? விடியுமுன்ன பூ பறிக்கவா, கடலுக்கா, பால்வெட்டுக்கா?" என்றார். பால்வெட்டுக்கு என்றதும் பெட்டிகளை இறக்கினார். கடையில் பகல் வெளிச்சம் இருந்ததால் பின்பக்கச் சரக்கு அறைக்குக் கூட்டிப்போய் ஷட்டரைப் பாதி இறக்கினார். நடுவில் ஒரு தூண் இருந்தது. "இதான் மரம்னு வச்சுக்கிடுங்க" என்றார்.

முதலில் கட்டியது பெரியது. முன்னால் விளக்கு, பின்னால் பேட்டரிப் பெட்டி. அக்கா தூணுக்கு முன் குனிந்து, கையில் கத்தி இருப்பது போல இடமிருந்து வலமாகச் சரிவாக இழுத்தாள். வெட்டுக்காரர்கள் ஒரு மரத்தைச் சுற்றி அரைவட்டம் நடப்பார்கள். கழுத்து முழுக்கக் குனிந்தே இருக்கும். மூன்றாவது தடவை குனிந்தபோது விளக்கு புருவத்தில் இறங்கியது. பின்பெட்டி பிடரியை இழுத்தது. இப்படி நூற்றுக்கணக்கான மரம். கழற்றிவிட்டாள்.

இரண்டாவது, கையை முன்னால் ஆட்டினால் எரியும், மறுபடி ஆட்டினால் அணையும் வகை. கடைக்காரருக்கு அதில் பெருமை. ஆனால் அக்கா கத்தியை இழுப்பது போலக் கையை இழுத்ததும் அணைந்துவிட்டது. திரும்ப இழுத்ததும் எரிந்தது. சரக்கு அறை இருட்டாகி, வெளிச்சமாகி, இருட்டானது. "இது பால்வெட்டுக்குக் கொள்ளாது" என்று அவரே எடுத்து வைத்துவிட்டார்.

மூன்றாவதைக் கட்டியதும் அறையின் மூலைவரை பகலானது. அடுக்கி வைத்த பெட்டிகளின் எழுத்துக்கூடத் தெரிந்தது. கனமும் அதிகமில்லை. இதுதான் என்று எனக்குப் பட்டது.

"இதுன்னா ஆனை வந்தாலும் தூரத்துலயே தெரியும் அக்கா" என்றார் கடைக்காரர். அந்தப் பக்கம் காட்டிலிருந்து யானை இறங்குவது உண்டாம்.

அக்கா சட்டென்று விளக்கை அணைத்தாள். "எனக்கு ஆனை தெரியாண்டாம். பட்டை தெரிஞ்சா போதும்."

"நல்ல வெளிச்சம் வேணும் அக்கா" என்றேன். "இதையே எடுப்போம்."

"வேண்டாம்."

"ஏன் வேண்டாம்? சுத்துமுத்தும் தெரிய வேண்டாமா? கீழே என்ன இருக்கென்று பார்த்துப் போக வேண்டாமா?" என் குரல் உயர்ந்துவிட்டது. உயர்ந்த பிறகுதான் என்ன சொல்கிறேன் என்பது எனக்கே உறைத்தது.

அவள் விளக்கைக் கழற்றி, பட்டையை மடித்து, பெட்டிக்குள் வைத்தாள். "காலு தெரியணும். அது சரி. ஆனா அந்த எடம் முழுசும் பளிச்சின்னு தெரிஞ்சா நான் எப்பிடித் தாண்டுவேன், சொல்லு. தெனமும் நான் அதத் தாண்டணும்."

கடைக்காரருக்கு விஷயம் தெரியாது. ஆனால் ஏதோ புரிந்திருக்க வேண்டும். ஒன்றும் கேட்காமல், மேல்தட்டிலிருந்து ஒரு சின்ன விளக்கை எடுத்தார். ஒரு முட்டையின் கனம்தான் இருக்கும். பின்னால் பெட்டி கிடையாது. விளக்கின் முகத்தை வேண்டிய அளவு கீழே சாய்த்துக்கொள்ளலாம். மழைத் தண்ணீர் பட்டால் ஒன்றும் ஆகாது. கரண்டில் சார்ஜ் போடலாம். அக்கா கட்டிக்கொண்டு குனிந்தாள். தூணில் ஒரு தட்டு அளவுக்கு வெளிச்சம் விழுந்தது. அதற்கு வெளியே ஒன்றுமில்லை. சுற்றி நடந்தாள். நழுவவில்லை. தலையை ஆட்டிப் பார்த்தாள். இருப்பதே தெரியவில்லை என்றாள்.

"ஒரு தடவ அமுக்குனா இந்த வெட்டம். அமுக்கிப் பிடிச்சா பெரிய வெட்டம்" என்று காட்ட வந்தார். அக்கா, "அது எனக்கு வேண்டாம்" என்று வெளியே போய்விட்டாள். அவர் என்னிடம் காட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை நாள் முழுவதும் மழை. கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. விளக்கை சார்ஜில் போட்டுவிட்டு, வரும்போதெல்லாம் நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். அக்கா வெட்டுக் கத்தியைத் தீட்டினாள். பெங்களூரில் நர்சிங் படிக்கும் மகள் போனில் அழைத்தபோது, "வேலைக்கா? நாளைக்கு. சித்தி இருக்கா, பயம் இல்ல" என்றாள். சித்தி இருப்பது செவ்வாய்க்கிழமை வரைதான் என்று அவள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஹட்டனுக்கு என்னோடு வந்துவிடேன் என்று கேட்க வேண்டும் என்று புறப்பட்ட நாளிலிருந்து நினைத்திருந்தேன். அவள் கத்தி தீட்டுவதைப் பார்த்தபோது அந்தப் பேச்சு வாயில் வரவில்லை. வந்து எத்தனை நாள் இருக்க விடுவார்கள்? இருந்து என்ன செய்வாள்?

திங்கட்கிழமை, விடிவதற்கு முன்பே புறப்பட்டோம். எங்கள் ஊரில் கொழுந்து பறிக்க வெளிச்சம் வந்த பிறகுதான் மலை ஏறுவார்கள். ரப்பருக்கு அப்படி இல்லை. வெயில் ஏறுவதற்குள் வெட்டினால்தான் பால் நின்று வடியும். மழை ஓய்ந்திருந்தது. மரங்கள்தான் சொட்டிக்கொண்டிருந்தன. தூரத்தில் வேறு வேறு வரிசைகளுக்குப் போகிறவர்களின் விளக்குகள் ஆளில்லாமல் அசைந்துகொண்டிருந்தன.

எனக்கு விளக்கில்லை. போனை எடுத்தேன். "அத உள்ள வை" என்றாள் அக்கா. என் கையைப் பிடித்துப் பக்கத்தில் நடத்திக்கொண்டு போனாள். இரண்டு பேருக்குமாக அந்தத் தட்டளவு வெளிச்சம்.

தண்ணீர்ச் சத்தம் கேட்கத் தொடங்கியதும் அவள் பிடி இறுகியது. பலகைக்கு முன்னால் நின்றுவிட்டாள். நெடுநேரம் நின்றாள். திரும்பிவிடுவாள் என்று நினைத்தேன். திரும்பினால் நல்லது என்றும் நினைத்தேன்.

"சுமதி, அந்தப் பெரிய வெட்டம் எப்பிடி?"

நான் கையை நீட்டி அவள் நெற்றியில் இருந்த பொத்தானை அமுக்கிப் பிடித்தேன். ஓடை முழுவதும் வெளிச்சமானது. அவள் ஓரத்துக்குப் போய்க் குனிந்து பார்த்தாள். பாசி படிந்த நாலைந்து பாறை. அவற்றுக்கு இடையில், கணுக்காலை நனைக்கும் அளவுக்குத் தண்ணீர். வாழைச்சருகு ஒன்று சுழன்றுகொண்டிருந்தது.

"அன்னைக்கு ஆளுவ கூட்டமா நின்னு எடுத்தாங்க. அவரத்தான் பாத்தேன், ஓடைய நான் பாக்கல" என்றாள். பிறகு, "இம்புட்டுதானா" என்றாள். "ஒரு எட்டு வச்சா தாண்டிரலாம். இதுலயா போனாரு."

அழவில்லை. வாளியை மாற்றிப் பிடித்துக்கொண்டு பலகையில் ஏறி அந்தப் பக்கம் போனாள். போனதும் திரும்பி நின்று என் காலுக்கு வெளிச்சம் காட்டினாள். கண் கூசியது. விளக்குக்குப் பின்னால் அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. "பாத்து வா. நடுவுல வழுக்கும்" என்ற குரல் மட்டும் வந்தது. நான் தாண்டினேன்.

முதல் மரத்தில் முந்தைய வெட்டின் மேல் காய்ந்திருந்த பாலை உரித்தெடுத்தாள். கத்தியை வைத்து இழுத்தாள். மெல்லிய பட்டை சுருண்டு விழுந்தது. பால் கோடாக இறங்கிச் சிரட்டைக்குள் சொட்டியது. விளக்கை மறுபடி சின்ன வெளிச்சத்துக்கு மாற்றிக்கொண்டாள். எப்படி மாற்றுவது என்று என்னிடம் கேட்கவில்லை.

"நீ இந்தக் கல்லுல இரி. உள்ள முழுக்க அட்டை" என்று சொல்லிவிட்டு வரிசைக்குள் போனாள்.

அட்டை எனக்குப் புதிதல்ல. ஆனாலும் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அவள் உருவம் மறைந்து விளக்கு மட்டும் மிஞ்சியது. ஒரு மரத்தை நெருங்கும், குனியும், சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய் மறையும், திரும்ப வரும். அடுத்த மரம். ஒவ்வொரு முறை மறையும்போதும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அந்த இடத்தில், அந்த இருட்டில், நான் போன பிறகு அவளுக்காக இப்படி யாரும் உட்கார்ந்திருக்கப் போவதில்லை.

ஒரு மரத்துக்குப் பின்னால் போன விளக்கு வரவில்லை. காத்திருந்தேன். வரவில்லை.

"அக்கா."

எழுந்து நின்று இன்னொரு முறை, சத்தமாகக் கூப்பிட்டேன்.

"இங்கதான் இருக்கேன் ஏட்டி" என்று இருட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. "இது முத்துன மரம். சுத்தி வரக் கொஞ்சம் நேரம் எடுக்கும்."